மடிப்பு வைத்த நிழல்

வெயிலோடு ஒரு மனிதருக்குச் சொந்தப் பகை இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் மடிப்பு மாமாவைப் பார்த்ததில்லை. ஜன்னல் திரை விற்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே அளவெடுப்பவராகி, அங்கேயே தலை நரைத்து, கடைசியில் ஒரு கைக்கடிகாரத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். அத்தனை வருஷமும் வாடிக்கையாளர்களிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "வெயில் பட்டா நிறம் போயிடும்." சோபா வாங்கியவர்களிடம் சொன்னார். புத்தக அலமாரி வைத்திருந்தவர்களிடம் சொன்னார். மகளைப் பெண் பார்க்க வந்த பையன் மொட்டைமாடியில் நின்று போன் பேசியதைப் பார்த்துவிட்டு, அவனிடமும் போய்ச் சொன்னார்.

மடிப்பு என்ற பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. ஜன்னல் ஒரு பங்கு அகலம் என்றால் துணி இரண்டு பங்கு வேண்டும். அதைக் கொசுவி மாட்டினால்தான் திரை என்பது அவருடைய வேதம். சிக்கனக்காரர்கள் யாராவது, "அளவுக்குச் சரியா வெட்டிக் கொடுங்களேன்" என்று கேட்டுவிட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். "அதுக்குப் பேரு திரை இல்லைங்க, போர்வை. போர்வைக் கடை எதிர்த்த தெருவுல இருக்கு."

அவர் மாட்டிய திரைகளின் கனத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. ஒரு வீட்டில் விடிந்தது தெரியாமல் குடும்பமே தூங்கிப்போய், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளை வேலைக்குப் போகிற வயதில்தான் எழுந்ததாம். கொஞ்சம் மிகைதான், கல்லூரிக்குப் போகிற வயதிலேயே எழுந்துவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி வெயிலிலேயே குடியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் மேட்டுப் பாத்திகள் போட்டு ஸ்ட்ராபெரி வளர்த்தாள். சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்குப் பழக்காரம்மா என்று பெயர். சந்தைக்குள் நுழைந்ததும் வலக்கைப் பக்கம் முதல் மூலை அவளுடையது. அந்த மூலை லேசில் கிடைத்ததில்லை. ஆரம்பத்தில் கடைக்கோடியில், மீன் கழுவுகிற தண்ணீர் ஓடும் சாக்கடைக்குப் பக்கத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வருஷத்துக்கு ஒரு மேஜை, இரண்டு மேஜை என்று முன்னேறி அங்கே வந்து சேர்ந்தாள். மூலைக்கு ஒரு சட்டமும் உண்டு. பருவத்தின் முதல் சந்தையன்று தன் சரக்கை வைக்காதவருடைய இடம், அப்போதே அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அடுத்து நின்றவர் ஒரு தேன்காரர். தேன் கெட்டுப்போகாத சரக்கு. அவரும் கெட்டுப்போகாத பொறுமையோடு காத்திருந்தார்.

கடையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மடிப்பு மாமாவை யாரும் மடிப்பு மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை. "பழக்காரம்மா வீட்டுக்காரர்" என்றார்கள். அது அவருக்குச் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது. ஒரு தொழிலின் உச்சியில் இருந்தவர், தன்னுடைய உச்சியை யாருமே கீழிருந்து அண்ணாந்து பார்க்கவில்லையே என்று ஏங்கினார்.

அப்போதுதான் பழக்காரம்மாவின் முழங்கால் மக்கர் செய்தது. கோடை அறுவடை முடிந்த கையோடு ஒரு காலுக்கு அறுவை சிகிச்சை. அது ஆறியதும் அடுத்த காலுக்கு. வீட்டில் படுக்கையறை மாடியில். படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், படியே இல்லாத தன் அக்கா வீட்டுக்கு அவள் போவது என்று முடிவானது. போகிற அன்று கார் வாசலில் நிற்க, அவள் பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, நல்லா கேட்டுக்குங்க. காலைல வேர்ல தண்ணி விடுங்க, இலைமேல ஊத்தாதீங்க. பக்கத்துல கொடி ஓடிச்சுன்னா வெட்டி விடுங்க. பழுத்த இலையைக் கிள்ளி எடுங்க. அவ்வளவுதான். வேற எதையும் தொடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பயமே இல்ல. சொன்னா கேட்கும்."

காருக்குள் உட்கார்ந்திருந்த அக்கா தலையை வெளியே நீட்டினாள். "மாப்பிள்ளை, முதல் சந்தைக்குப் பழம் இல்லேன்னா மூலை போயிடும். ஞாபகம் இருக்கட்டும்."

"பழமா? இந்த வருஷம் பார்க்கத்தான் போறீங்க அக்கா" என்றார் மடிப்பு மாமா. பார்க்கத்தான் போனார்கள்.

முதல் சில நாள் ஒழுங்காகத் தண்ணீர் விட்டார். தொப்பி, முழுக்கைச் சட்டை, கையுறை, மேலே ஒரு குடை. ஒரு கையில் குடையும் ஒரு கையில் தண்ணீர்க் குழாயுமாக அவர் பாத்திகளுக்கு நடுவே நடப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்காரி, "மழை வருதா மாமா?" என்று கேட்டாள். "வெயில் வருது" என்றார் அவர், கடன்காரன் யாரோ வருவதைச் சொல்கிற குரலில்.

ஒருநாள் உச்சிவெயிலில் எட்டிப் பார்த்தபோது செடிகளின் இலைகள் கொஞ்சம் துவண்டிருந்தன. எந்தச் செடியும் நடுப்பகலில் அப்படிச் சற்றே சோர்ந்து சாயங்காலம் நிமிர்ந்துவிடும். சாயங்காலம்வரை காத்திருந்து பார்ப்பவர் வேறு ஆள். மடிப்பு மாமாவுக்குச் செடி தெரியவில்லை. வெளுத்துப்போகப் போகிற துணி தெரிந்தது. இத்தனை காலம் இந்தப் பெண்பிள்ளை, அருமையான சரக்கை இப்படித் திறந்த வெளியில் போட்டு நாசம் பண்ணியிருக்கிறாளே என்று மனம் பதைத்தது. அன்றே நிழல்வலை விற்கும் கடையில் போய் நின்றார்.

"எதுக்கு சார் வலை?" என்றார் கடைக்காரர்.

"ஸ்ட்ராபெரிக்கு."

"சுட்டெரிக்கிற நாலு வாரத்துக்கு மட்டும்னா போடலாம். இதை எடுத்துக்குங்க. பாதி வெயிலைத் தடுக்கும், பாதியை விடும். சூடு தணிஞ்சதும் சுருட்டி உள்ள வச்சிடணும் சார். குளிர் தொடங்குற சமயத்துலதான் செடி உள்ளுக்குள்ள அடுத்த பருவத்து மொட்டைக் கட்டும். அப்ப வெளிச்சம் இல்லேன்னா கட்டாது."

"சுருட்டறதா? தம்பி, நான் திரைக்கடைக்காரன். மாட்டின திரையை எவனாவது கழட்டுவானா?"

"துவைக்கக்கூட மாட்டீங்களா?"

மடிப்பு மாமா அதைக் காதில் வாங்கவில்லை. பாத்திகளின் அகலத்தைச் சொன்னார். கடைக்காரர் அளந்து வெட்டப் போனார்.

"இரட்டிப்பா வெட்டுங்க."

"எதுக்கு சார்? இழுத்துக் கட்டினா இதுவே போதும்."

"இழுத்துக் கட்டினா அது கூடாரம்" என்றார் மாமா. "மடிப்பு வேணும்."

கடைக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையில் இருந்த உருளையை முழுதாகப் பிரித்து வெட்டிக் கொடுத்தார். விற்கிறவருக்கு என்ன வந்தது?

அடுத்து நடந்த வேலையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. திரை மாட்டுகிற வேலையாக இருந்தால். பாத்திகளின் இரு பக்கமும் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வளையம் கோத்து, ஒவ்வொரு மடிப்பும் அடுத்த மடிப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் தொங்கும்படி வலையை மாட்டினார். இழுக்கக் கயிறு, கயிற்று நுனியில் குஞ்சம். எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஏதோ குறைந்தது. லைனிங்! லைனிங் இல்லாத திரை பனியன் போடாத சட்டை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர். சாமான் அறையில் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய லைனிங் துணி மூட்டையாகக் கிடந்தது. அதையும் வலைக்கு அடியில் கட்டினார்.

பாதி வெயிலைத் தடுக்கிற வலையை இரண்டாக மடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வாத்தியார் வேண்டாம். மிச்சம் இருந்த பாதியிலும் பாதி போகும். அதிலிருந்து லைனிங் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் செடிக்குப் போய்ச் சேர்ந்தது வெயிலைப் பற்றிய வதந்தி மட்டுமே.

இரட்டிப்பாக வாங்கியும், அதற்கும் மேலே மடிப்பு வைத்ததில் வலை பற்றாமல் போனது. பின்சுவரை ஒட்டிய இரண்டு வரிசைகளுக்கு ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் மூடியிருக்கலாம். தளர்த்துவதா! அந்த இரண்டு வரிசையும் வெட்டவெளியில் நின்றன. விருந்துக்குச் சட்டை இல்லாமல் வந்த உறவுக்காரர்களைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்துவிட்டு, மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிழல் தன் வேலையைக் காட்டியது. திரைக்குள் இருந்த செடிகளின் இலைகள் அகலமாகின, கரும்பச்சை ஆகின, வெள்ளரிக்கொடிபோல மேலே மேலே எழும்பின. மாமா தன் உள்ளங்கையை ஓர் இலைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"காம்பு ஏன் இவ்ளோ நீளம்?" என்றாள் பழக்காரம்மா.

"உயரமா வளருது. உன் கையில இருந்தப்ப எல்லாம் குள்ளம்."

"உயரமா வளர அது என்ன மூங்கிலா? வெளிச்சம் எங்கடான்னு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. என்ன பண்ணினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"லேசா ஒரு நிழல்."

"எவ்ளோ லேசு?"

"மடிப்போட."

 மறுமுனையில் அக்காவின் சிரிப்பு கேட்டது. போன் கைமாறும் சத்தம் கேட்டது. மறுபடி மனைவியின் குரல் வந்தது. "இங்க பாருங்க. வெயில் தணியப் போகுது. செடி மொட்டுக் கட்டற நேரம். நாளைக்கே எடுத்துடுங்க. என் மூலை போயிடும்ங்க."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. மாமாவுக்கு அது கேட்டது. கேட்டதால்தான், "எடுத்துடறேன்மா" என்று சொன்னார். மறுநாள் பாத்திக்குப் போய், கம்பத்திலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, லைனிங்கை மட்டும் எடுத்து மடித்து வைத்தார். அப்புறம் போன் செய்து, "எடுத்துட்டேன்" என்றார். இதில் பொய் எங்கே இருக்கிறது? எதை எடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லையே. திரை விற்பனையில் கற்ற நாக்கு அது.

குளிர் மாதங்களில் ஒருமுறை மகள் வந்தாள். தோட்டத்துக்குப் போனவள் திரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, உள்ள சினிமா ஓடுதா?"

"என்ன கிண்டல்?"

"இல்ல, டார்ச் அடிச்சுக்கிட்டு சீட்டு எண் பார்த்து உட்காரணும் போல இருக்கே."

"இலையைப் பாரு. தொட்டுப் பாரு. வெல்வெட்."

மகள் குனிந்து ஓர் இலையை விலக்கினாள். கீழே நத்தைகள். ஒன்று இரண்டு என்றால் சொல்லலாம். நத்தைகள் சங்கம் வைத்துக் கூட்டம் நடத்துகிற அளவுக்கு இருந்தன. மண் எந்நேரமும் ஈரமாகவே கிடந்து, பழைய இலைகளின் ஓரத்தில் சாம்பல் பூஞ்சை ஏறியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

"அவளுக்கு ரெண்டாவது காலுக்கு இப்பதான் தையல் பிரிச்சிருக்கு. நிம்மதியா இருக்க விடு. அவ வந்து பார்க்கும்போது ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்."

மகள் அம்மாவின் பிடிவாதமும் அப்பாவின் வீம்பும் கலந்தவள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் பேசாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

மாமாவுக்குப் பொற்காலம் தொடங்கியது. பழைய கடை நண்பர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார். திரைக்குள் நாற்காலி போட்டார். அவர்களும் உள்ளே உட்கார்ந்து, "அடேயப்பா, என்ன குளுமை!" என்றார்கள். மனிதனுக்குக் குளுமையாக இருப்பது செடிக்கும் சுகமாக இருக்கும் என்பதில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் திரைக்குப் பின்னால் கழித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எப்படி வரும்? தேன்காரரும் ஒருநாள் வந்தார். இலைகளை உற்றுப் பார்த்தார், இலைகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு, "பிரமாதம் சார். அப்படியே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை மாமா அன்று இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றார்.

பின்சுவர் ஓரத்து இரண்டு வரிசைகள் மட்டும் அவர் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தன. இலைகள் சிறியவை, தடித்தவை, தரையோடு தரையாகப் படுத்தவை. குளிர் பட்டு ஓரங்களில் செம்மை ஏறியவை. விருந்தாளிகள் தவறாமல் அந்தப் பக்கம் கைகாட்டி, "அது என்ன, நோயா?" என்று கேட்டார்கள். குளிர் விலகத் தொடங்கியதும், மனைவி திரும்பி வரப்போகிற வாரத்தில், மாமா ஒரு முடிவுக்கு வந்தார். ஆச்சரியம் என்றால் முழு ஆச்சரியமாக இருக்க வேண்டும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படி ஓர் அசிங்கம் எதற்கு? இரண்டு வரிசையையும் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே ஒரு பெஞ்சு போட்டுவிடலாம்.

மண்வெட்டியும் குடையுமாகப் போனார். குடையை மண்ணில் ஊன்றி நிழல் உண்டாக்கிக்கொண்டு ஒரு வரிசையைப் பிடுங்கி முடித்தார். செடிகளைக் குப்பைக்குழி ஓரம் வீசினார். இரண்டாவது வரிசையில் நாலைந்து செடியைக் கிளப்பியிருப்பார். பின்வாசல் கதவு திறந்தது.

பழக்காரம்மா ஒரு கையில் ஊன்றுகோலோடு நின்றாள். வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னவள், பொறுக்க முடியாமல் அக்காவைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முதலில் பார்த்தது புருஷனை இல்லை, திரையை. கரிய வலை, கனத்த மடிப்புகள், காற்றில் ஆடுகிற குஞ்சம்.

"எடுத்துட்டேன்னீங்க" என்றாள்.

"லைனிங்கை எடுத்தேன்."

"இதுக்கு லைனிங் வேற இருந்துதா!" என்றாள் பின்னால் நின்ற அக்கா. "மாப்பிள்ளை, மேலே ஒரு மின்விசிறியும் மாட்டியிருக்கலாமே."

 பழக்காரம்மா ஊன்றுகோலால் மடிப்பை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நண்பர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்துச் செடியின் இலைகளை இரண்டு கையாலும் விலக்கி, தண்டு மண்ணிலிருந்து புறப்படும் இடத்தைக் கட்டைவிரலால் பிரித்தாள். இலை. அடுத்த செடி, அதிலும் இலை. அதற்கடுத்ததில் ஒரே ஒரு மொட்டு, அதுவும் பாதி அழுகியது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாக்கடை ஓரத்தில் நின்ற வருஷங்கள் முகத்தில் வந்து போவது அக்காவுக்குத் தெரிந்தது. கிண்டல் பண்ண எடுத்த வாயை அவளும் மூடிக்கொண்டாள்.

மாமா இந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "வெல்வெட் மாதிரி இல்ல?" என்றார்.

"வெல்வெட்டைத் தட்டுல போட்டு விக்கட்டுமா?" என்றாள் அவள். அப்போதுதான் அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கவனித்தாள். "அது எதுக்கு?"

"அந்தப் பக்கம் ரெண்டு வரிசை நோஞ்சான். வலை பத்தலை. நீ வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிடலாம்னு..."

முழங்காலை மறந்து எழுந்தாள். ஊன்றுகோலை மறந்து நடந்தாள். மருத்துவர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார், அல்லது மயங்கி விழுந்திருப்பார். மண்ணோடு கிடந்த ஒரு செடியைத் தூக்கி, செம்மை ஏறிய சின்ன இலைகளைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, கொத்தாக மொட்டுகள். ஒரு கொத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கொத்து.

"அக்கா, ஒரு வாளி தண்ணி! சீக்கிரம்! என்னங்க, மண்வெட்டியைக் கீழ போடுங்க. போடுங்கன்னா! குப்பையில எறிஞ்சது எல்லாத்தையும் பொறுக்கிட்டு வாங்க. வேர் காயக் கூடாது."

அன்று பகல் முழுக்க, வெட்டவெளியில், குடை இல்லாமல், மடிப்பு மாமா தான் பிடுங்கியதைத் தானே நட்டார். குடையை அக்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். பழக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஆழமா வைக்காதீங்க, நடுக்குருத்து மண்ணுக்கு மேல இருக்கணும்... மேல... அது மேலயா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிடுங்கியதில் சில செத்தன. பெரும்பாலானவை சுருண்டு படுத்து, பிறகு கோபத்தோடு எழுந்தன.

வலையை என்ன செய்வது என்று கேட்டார். "கொஞ்சம் கொஞ்சமா விலக்குங்க. இருட்டுல வளர்ந்த இலை. ஒரேயடியா வெயில்ல விட்டா தாங்காது" என்றாள் அவள். சொன்னது முழுதாகக் காதில் விழுந்தால் அவர் மடிப்பு மாமா இல்லையே. ரோஷத்தோடு மறுநாள் விடியற்காலையில் ஒரே இழுப்பாக எல்லாத் திரையையும் இழுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அந்த அகல இலைகள் திட்டுத் திட்டாக வெளுத்து, காகிதம் மாதிரி ஆகின.

மாமா பின்வாசலிலிருந்து துள்ளிக் குதித்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்படி ஒரு பூரிப்பு முகத்தில். "வந்து பாரு! நான் அப்பவே சொன்னேன்ல? வெயில் பட்டா நிறம் போயிடும்னு!"

பழக்காரம்மா அவரை நெடுநேரம் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரை இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லையே என்று தோன்றியிருக்கும்.

பின்சுவர் ஓரத்தில் வெள்ளைப் பூக்கள் திறந்தன. பிடுங்காத செடிகள் முதலில். நட்டுப் பிழைத்தவை பின்னால். பூ உதிர்ந்து காய் உருண்டது, காய் சிவந்தது. முழுதாக எண்ணினாலும் முந்தைய வருஷத்தில் பாதிக்குப் பாதிகூட வராது. அவள் தினமும் ஊன்றுகோலோடு போய், பறவை கொத்தாமல், நத்தை ஏறாமல், ஒவ்வொரு பழமாகக் காவல் காத்தாள். அதற்குள் நத்தைகள் சங்கத்தைக் கலைத்துவிட்டு இந்தப் பக்கம் குடிவர விண்ணப்பம் போட்டிருந்தன. அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது மாமாவின் வேலை ஆனது. திரைப் பாத்தியிலும் அங்கங்கே ஏதோ காய்த்தது. கோலிக்குண்டு அளவு, ஒரு பக்கம் வெளிறிய இளஞ்சிவப்பு, மறுபக்கம் பச்சை. அவற்றை மாமா மட்டும் தினமும் போய் நலம் விசாரித்தார்.

முதல் சந்தை வந்தது. நுழைவாயில் மூலைக்குப் பக்கத்தில் தேன்காரர் மேஜையைப் பாதி விரித்தும் பாதி விரிக்காமலும் நின்றுகொண்டிருந்தார். பழக்காரம்மா கூடைகளோடு வருவதைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தேன் விற்பவர் முகத்தில் ஈ ஆடாமல் போனது அன்றுதான். "வாங்கம்மா, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டபடி தன் மேஜையை மறுபடி மடக்கினார்.

அவள் பெரிய தட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். சின்னச் சின்னக் கிண்ணங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. மேஜை நிறைந்தமாதிரி தெரியக் கிண்ணங்களை அகலமாகப் பரப்பினாள். சந்தை மேற்பார்வையாளர் வந்தார், மேஜையைப் பார்த்தார், ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "இந்த வருஷம் கம்மியா?" என்றார்.

"கம்மிதான். ருசி எப்படி?"

"ருசிக்கு என்ன குறைச்சல்? மூலை உங்களுதுதான்மா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பழத்தையும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பழக்காரம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை மூச்சை விட்டாள். அவ்வளவுதான், அதற்குமேல் கொண்டாட அவளுக்கு நேரமில்லை. வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, நெடுநாள் வாடிக்கையான பேக்கரிக்காரி, ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, "என்னம்மா இது, முன்னைவிட இனிப்பா இருக்கு! என்ன பண்ணினீங்க?" என்றாள்.

இதற்காகவே பின்னால் சலவைச் சட்டையோடு காத்திருந்தவர்போல் மடிப்பு மாமா முன்னால் வந்தார். "அது ஒரு ஆராய்ச்சிம்மா" என்றார். "வெயில், நிழல், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டு வரிசையை வேணும்னே திறந்து விட்டது நான்தான். யாருக்கும் தோணாது."

பேக்கரிக்காரி வியந்து பழக்காரம்மாவைப் பார்த்தாள். பழக்காரம்மா மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, துணி போட்டு மூடிய ஒரு கூடையை எடுத்தாள். திரைப் பாத்தியின் விளைச்சல் முழுவதும் அதில் இருந்தது. துணியை விலக்கி, இருப்பதிலேயே வெளிறிய ஒன்றாகப் பார்த்து எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. ஆராய்ச்சியோட மறுபாதி. சாப்பிட்டுக் காட்டுங்க."

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். தேன்காரர் பக்கத்து மேஜையில் பாட்டில் அடுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாமா பழத்தை வாங்கி வாயில் போட்டார். கன்னம் உள்வாங்கியது, காது இரண்டும் பின்னால் போனமாதிரி இருந்தது, ஒரு கண்ணில் மட்டும் நீர் கட்டியது. ஆனால் திரைக்கடையில் எத்தனையோ கிழிசலை மடிப்புக்குள் மறைத்து விற்றவர் அவர். மென்றார். விழுங்கினார்.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார்.

"அப்படியா? அப்ப வெளியாளுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்றாள் பழக்காரம்மா, கூடையை அவர் பக்கம் நகர்த்தி. "நீங்களே சாப்பிடுங்க. இன்னொண்ணு?"

சந்தை கலைகிறவரை, நல்ல கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்க, மடிப்பு மாமா அந்த மூலையில் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்கும்போதெல்லாம் புன்னகைத்தபடி, தன் நிழலில் விளைந்ததைத் தானே தின்று தீர்த்தார்.